ராணி உடை வேண்டாம், சந்தைக்காரி உடை தையுங்கள்

ஜூன் மாதம் பிறந்தால் தெரிந்தவர்கள் யாராவது கூப்பிட்டு இதைக் கேட்பார்கள். "அக்கா, இந்த வருஷம் நாங்களும் ரெனசான்ஸ் ஃபேர் போறோம். ஆன்லைன்ல ஒரு கவுன் பார்த்தேன். சிவப்பு வெல்வெட், கை ரெண்டும் தரை வரைக்கும் தொங்குது. ராணி மாதிரி இருக்கும்ல?" ரெனசான்ஸ் ஃபேர் என்றால் ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்து ஊரைப்போல் அமைத்து நடத்தும் திருவிழா, போகிறவர்களும் வேடம் போட்டுக்கொண்டு போகலாம். கேள்வியோடு கூடவே ஒரு படமும் வந்து சேரும். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: அதை வாங்காதே. அந்தக் காசுக்கு நல்ல லினன் துணி வாங்கு. ஒரு சந்தைக்காரியின் உடையைத் தைப்போம்.

ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் போவது பிரிஸ்டல் ரெனசான்ஸ் ஃபேர். சிகாகோவிலிருந்து வடக்கே போய் இல்லினாய் எல்லையைத் தாண்டியதும், விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா பக்கம் இருக்கிறது. ஜூலையில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரைக்கும் வார இறுதிகளில் நடக்கும். மரங்களுக்கு நடுவே தெருவும் கடையும் மேடையுமாக ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் கதை இதுதான்: ஆண்டு 1574, இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் பிரிஸ்டல் துறைமுக நகரத்துக்கு வருகிறார். இது வரலாற்றில் நடந்த விஷயம். அந்த ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் உண்மையாகவே பிரிஸ்டலுக்கு வந்தார். அவர் பார்ப்பதற்காகப் பொய்க்கோட்டை கட்டி, அதை முற்றுகையிட்டுப் பிடிப்பதுபோல் ஒரு பொய்ப்போரையே நடத்திக் காட்டினார்கள்.

இப்படிப்பட்ட ஃபேர்கள் இப்போது அமெரிக்கா முழுக்க இருக்கின்றன. டெக்ஸாஸில் டாட் மிஷன் என்ற ஊரில் 1974 முதல் நடப்பது மிகப் பெரியது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் 1963 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸ். பள்ளி ஆசிரியையாக இருந்த ஃபிலிஸ் பேட்டர்சன், தன் வீட்டுக் கொல்லையில் குழந்தைகளுக்குப் பழைய இத்தாலிய நாடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து பிறந்த யோசனையைக் கணவர் ரானுடன் சேர்ந்து, கே.பி.எஃப்.கே. என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டும் விழாவாக நடத்தினார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்து ஆட்களாக மாறி உள்ளே நடமாடலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். டிக்கெட் வாங்கிய யாரும் அந்த ஊரின் குடிமகன் ஆகிவிடலாம். அதற்கு வேண்டியது உடை.

சரி, என்ன உடை?

"மறுமலர்ச்சிக் கால உடை" என்று ஒன்று கிடையாது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிர்லாண்டாயோ வரைந்த ஜியோவன்னா டொர்னபுவோனியின் ஓவியம் மாட்ரிடில் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி நிற்கும் அந்த ஃபிளாரன்ஸ் பெண்ணின் சட்டைக்கையில் பிளவுகள் இருக்கும், அவற்றின் வழியாக உள்ளே போட்ட வெள்ளை லினன் கொப்பளித்து வெளியே தெரியும். கழுத்து திறந்திருக்கும், உடம்பை இறுக்கும் சட்டகம் ஏதும் இல்லை. அதற்கு நூறு ஆண்டு கழித்து லண்டன் பிரபுக்களைப் பாருங்கள்: தலையைத் தட்டில் வைத்ததுபோல் கழுத்தைச் சுற்றி விசிறி விசிறியாக மடித்த ரஃப், பாவாடைக்குள் வளையம் வளையமாக நின்று அதை விரித்துப் பிடிக்கும் ஃபார்திங்கேல். இரண்டும் மறுமலர்ச்சிக் காலம்தான். ஆன்லைனில் விற்கும் கவுன்கள் இந்த இரண்டிலிருந்தும், இடையில் யாரோ கண்ட ஒரு தேவதைக் கதையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தவை. முதுகில் ஜிப் இருக்கும், துணி பாலியஸ்டராக இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்காது.

அதனால் துணிக்கடைக்குப் போகும் முன்னால் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை, கையில் எவ்வளவு காசு? இந்த நான்குக்கும் பதில் தெரிந்துவிட்டால் துணி, நிறம், நீளம், தலையில் என்ன, காலில் என்ன, எல்லாமே தானாக முடிவாகிவிடும். அந்தக் காலத்தில் உடுத்துவது முழுக்க அவரவர் விருப்பமும் இல்லை. பிரிஸ்டல் ஃபேரின் கதை நடக்கும் அதே 1574, ஜூன் மாதம், கிரீனிச்சிலிருந்து எலிசபெத் ஒரு ஆணை பிறப்பித்தார். ஊதாப் பட்டு, பொன்னிழைத் துணி, சேபிள் என்ற குளிர்நாட்டு விலங்கின் மென்மயிர்த் தோல் ஆகியவை அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டுமே. அதற்குக் கீழே ஒவ்வொரு படிக்கும் வெல்வெட் யாருக்கு, சாட்டின் யாருக்கு என்று நீளமான பட்டியல். 1604 வரை இந்தச் சட்டங்கள் இருந்தன. சிவப்பு வெல்வெட் கவுனில் அந்த ஊருக்குள் நடக்கிறவர், நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருவராகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அப்படிப்பட்டவர் துணைக்கு ஆளில்லாமல், கையில் எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையோடு வரிசையில் நிற்க மாட்டார்.

நான் தேர்ந்தெடுத்தவள், இன்றைய பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரத்துச் சந்தைக்காரி. அவளை எனக்கு அறிமுகப்படுத்தியவர்கள் பீட்டர் ஆர்ட்சன், யோவாகிம் போய்க்லார் என்ற இரண்டு ஓவியர்கள். அரசர்களையும் புனிதர்களையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் இவர்கள் காய்கறிக் குவியலையும் மீன் தட்டையும் கோழி விற்கும் பெண்ணையும் ஆளுயரத்துக்கு வரைந்தார்கள். லண்டன் தேசியக் காட்சியகத்தில் போய்க்லார் 1569, 1570ஆம் ஆண்டுகளில் வரைந்த நான்கு பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. நிலத்துக்குக் காய்கறிச் சந்தை, நீருக்கு மீன் சந்தை, காற்றுக்குக் கோழிச் சந்தை, நெருப்புக்குச் சமையல்கட்டு. பைபிள் காட்சிகள் தூரத்தில் சின்னதாகத் தெரியும். முன்னால் நிறைத்து நிற்பது வேலை செய்யும் மனிதர்கள். இந்த வகை ஓவியங்களில் வரும் பெண்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். முழங்கை வரை ஏற்றிய சட்டைக்கை, முன்பக்கம் நாடாவால் இழுத்துக் கட்டிய மேலுடை, கழுத்தை மூடிய வெள்ளைத் துணி, இடுப்பில் ஏப்ரன், தலையில் வெள்ளைத் தொப்பி, வேலைக்குத் தடங்கலாக இருக்கும் பாவாடையின் ஓரம் தூக்கிச் செருகியிருக்கும். துணி எங்கே மடிகிறது, ஊசி எங்கே குத்தியிருக்கிறது என்பதுகூடத் தெரியும். தைக்கிறவளுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் வேண்டாம்.

ஃபிளாண்டர்ஸ் பெண்ணுக்கு 1574 இங்கிலாந்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை இருந்தது. ஸ்பெயினின் ஆட்சிக்கும் மத அடக்குமுறைக்கும் தப்பி ஆயிரக்கணக்கான ஃபிளமிஷ் மக்களும், பக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு பேசும் வாலூன் மக்களும் கடலைக் கடந்து இங்கிலாந்துக்கு வந்தார்கள். நார்விச் நகரம் 1565இல் முப்பது நெசவாளர் குடும்பங்களை அழைத்தே குடியேற்றியது. உள்ளூர்க்காரர்கள் அவர்களை "அந்நியர்கள்" என்றே கூப்பிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த மெல்லிய, எடை குறைந்த கம்பளித் துணிகள்தான் நலிந்து கிடந்த நார்விச்சின் நெசவை மறுபடி எழுப்பின. அதனால் என் சந்தைக்காரி பிழைக்க வந்த இடத்தில், தன் ஊர் உடையை மாற்றிக்கொள்ளாமல், ஆங்கிலேயர்களுக்கு மீன் விற்கிறாள். நானும் பிழைக்க வந்த இடத்தில் இருப்பவள். அவளை எனக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம்.

"நம்ம நிறத்துக்கு அந்த உடை பொருந்துமா, யாராவது ஏதாவது நினைச்சுக்குவாங்களா?" என்று தயங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஜான் பிளாங்க்கைக் காட்டுகிறேன். ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி ஆகியோரின் அரசவையில் சம்பளம் வாங்கிய எக்காளக் கலைஞர், ஆப்பிரிக்க வம்சாவளியினர். 1511இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த போர் விளையாட்டைப் பதிவு செய்த நீண்ட ஓவியச் சுருளில், குதிரைமேல் தலைப்பாகையோடு அவர் உருவம் இருக்கிறது. அன்றைய துறைமுக நகரங்களில் பல நிறத்து மனிதர்கள் நடமாடினார்கள். தைரியமாக உடுத்துங்கள்.

இனி, நான் சந்தைக்காரியையே பிடித்துக்கொண்டிருப்பதன் பெரிய காரணத்துக்கு வருகிறேன். பெரிய மனிதர்களின் உடைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில், 1562இல் இறந்த கோமகள் எலியனோரா டி டொலேடோவின் உடை இருக்கிறது. கல்லறையிலிருந்து எடுத்த அந்த சாட்டின் உடையைப் பல ஆண்டுகள் செலவிட்டுச் சுத்தம் செய்து, இற்றுப்போன துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். ப்ரான்சினோவின் புகழ்பெற்ற ஓவியத்தில் அவர் அணிந்திருக்கும் உடையிலேயே புதைத்தார்கள் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லறையில் இருந்தது வேறு உடை என்று பிறகுதான் தெரிந்தது. ஜேனட் ஆர்னால்ட் என்ற ஆய்வாளர் இதுபோல எஞ்சிய உடைகளைத் தேடித் தேடிப் போய், ஒவ்வொரு வெட்டையும் தையலையும் அளந்து கட்டத்தாளில் வரைந்து 1985இல் வெளியிட்டார். அந்த வரைபடங்கள் இல்லாமல் இன்று யாரும் அந்தக் காலத்து உடையை ஒழுங்காகத் தைக்க முடியாது.

சந்தைக்காரியின் உடை எங்கே? இல்லை. கிழியும் வரை அவள் உடுத்தினாள். கிழிந்ததை மகளுக்கு வெட்டித் தைத்தாள். மிச்சம் ஒட்டுப்போடப் போனது. ஒட்டுப்போடவும் உதவாத லினன் கந்தல் காகிதப் பட்டறைக்குப் போய்க் கூழாகிக் காகிதமானது. ஓவியங்கள், உயில்களில் வரும் "என் நல்ல பாவாடையை என் தங்கைக்கு" என்பது போன்ற வரிகள், மண்ணிலிருந்து கிடைத்த சில துண்டுகள், இவை மட்டும்தான் மிச்சம். ஊரில் பெரும்பாலானவர்கள் உடுத்திய உடை அது. யாராவது தைத்து உடுத்தி நடந்தால்தான் அது எப்படி அசைந்தது, எங்கே இறுக்கியது, குனிந்து கூடையைத் தூக்கும்போது என்ன செய்தது என்பது தெரியும். ராணிக்கு நான் ஒரு உடை தைத்து அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. இவளுக்கு ஆகும்.

தையலுக்கு வருவோம். உள்ளேயிருந்து வெளியே என்ற வரிசையில்தான் தைக்க வேண்டும். முதலில் ஸ்மாக். உடம்போடு ஒட்டிக் கிடக்கும், முழங்காலுக்குக் கீழே வரும் லினன் உள்சட்டை. பலர் இதுதான் வெளியே தெரியாதே என்று விட்டுவிடுகிறார்கள். முழு உடையையும் தாங்குவது இதுதான். வியர்வையை உறிஞ்சுவது இது, மேலே வரும் கம்பளியை உடம்பு அழுக்கிலிருந்து காப்பது இது. அந்தக் காலத்தில் மேலுடையை அநேகமாகத் துவைக்கவே மாட்டார்கள், ஸ்மாக்கைத்தான் மாற்றி மாற்றித் துவைத்து உடுத்துவார்கள். ஒன்றுக்கு இரண்டாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டு மிகச் சுலபம். நம் ஊர் ஜிப்பா எப்படியோ அப்படி: உடம்புக்கு ஒரு நீள்சதுரம், கைக்கு இரண்டு, அக்குளில் கையைத் தாராளமாகத் தூக்க ஒரு சின்னச் சதுரம், கீழே அகலம் வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஒரு முக்கோணம். வளைவே கிடையாது, துணி வீணாகாது. அன்று தையல் கூலியைவிடத் துணி பல மடங்கு விலை. 1580இல் மாட்ரிடில் ஹுவான் டி அல்செகா என்ற தையல்காரர் வெளியிட்ட புத்தகத்தின் பெரும்பகுதி, எந்த அகலத் துணியில் எந்த உடையை எப்படிப் பரப்பி வெட்டினால் மிச்சமாகும் என்பதுதான். மூன்று கெஜம் லினன் ஒரு ஸ்மாக்குக்குப் போதும். சதுர கெஜத்துக்கு 3.5 அவுன்ஸ் எடையுள்ள மெல்லிய ரகம் வாங்குங்கள். வெட்டும் முன்பு வெந்நீரில் துவைத்துக் காயவைக்க வேண்டும், லினன் நன்றாகவே சுருங்கும். பருத்தியில் தைக்கலாமா என்று நம்மவர்கள் எல்லோரும் கேட்பார்கள். தைக்கலாம், யாரும் பிடித்து உள்ளே போட மாட்டார்கள். ஆனால் அன்று வட ஐரோப்பாவில் சாமானியர்களின் துணி லினனும் கம்பளியும்தான், பருத்தி பெரும்பாலும் லினனோடு கலந்து நெய்த ஃபஸ்டியன் துணியாகத்தான் வந்தது. அதுவும் போக, வியர்த்த பருத்தி உடம்போடு ஒட்டும், லினன் சீக்கிரம் காய்ந்து குளிரவைக்கும். ஒரு நாள் முழுக்க வெயிலில் உடுத்திப் பார்த்தபின் நான் பருத்தி பக்கம் திரும்பவில்லை.

அடுத்தது கர்ட்டில். இறுக்கமான மேல்பகுதியும் பாவாடையும் சேர்ந்த முழு உடை. முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, பொறுமையை இங்கே செலவிடுங்கள். முதலில் பழைய பெட்ஷீட்டில் மேல்பகுதியை மட்டும் வெட்டி, உங்கள் உடம்பில் போட்டு, வேறொருவரை விட்டு ஊசி குத்தச் சொல்லுங்கள். ஸ்மாக்கைப் போட்டுக்கொண்டு அதன் மேல்தான் அளவு பார்க்க வேண்டும். முன்பக்கத்து இரண்டு ஓரமும் ஒன்றை ஒன்று தொடாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், நாடா இழுத்ததும் சேரும். சரியாக அமைந்தால் பிரா தேவையில்லை, இந்த உடையே மார்பைத் தாங்கிக்கொள்ளும். பாரம் தோளிலும் முதுகிலும் பரவிவிடும் என்பதால் நாள் முழுக்க நடந்தாலும் முதுகு வலிக்காது. இரண்டு அடுக்குக் கனமான லினன் கேன்வாஸ் உள்ளே வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். இன்னும் தாங்கல் வேண்டுமென்றால் முன் ஓரத்தில் மட்டும் விறைப்புக் குச்சி கொடுக்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் கேபிள் டை "திமிங்கில எலும்பு" என்று அந்தக் காலத்தில் சொன்ன, திமிங்கிலத்தின் வாய்த்தகட்டுக்கு நல்ல மாற்று என்று இந்த வேலை செய்கிற எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை, வளைந்தாலும் உடையாது, துவைத்தாலும் துருப்பிடிக்காது.

நாடா கோக்கும் ஓட்டைகளைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. இரும்பு வளையம் அடிக்காதீர்கள். ஒருமுறை பளபளக்கும் உலோக வளையம் கண்ணில் பட்டுவிட்டால் உடை முழுவதும் பள்ளி நாடகத்துக்குப் போய்விடும். குத்தூசியால் துணியின் இழைகளை விலக்கி ஓட்டை போடுங்கள், கத்தரியால் வெட்ட வேண்டாம். இழை அறுபடாமல் விலகினால்தான் ஓட்டைக்குப் பலம். பிறகு தேன்மெழுகு தேய்த்த லினன் நூலால் சுற்றிக் காஜா எடுங்கள். ஒரு பக்கத்து ஓட்டைகளும் மறுபக்கத்து ஓட்டைகளும் நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் மேலும் கீழுமாக இருந்தால், ஒரே நாடாவைச் சுருளாகக் கோத்து மேலேறலாம். ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிடம் ஆகும். சாயங்காலம் நாலு, மறுநாள் நாலு என்று முடித்துவிடலாம்.

பாவாடைக்குப் பெரும்பாடு இல்லை. மூன்று, மூன்றரை கெஜம் சுற்றளவு இருந்தால் நடக்கவும் உட்காரவும் தாராளமாக இருக்கும். மேல் ஓரத்தில் இணையாக இரண்டு மூன்று வரிசை ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுத்தால் கொசுவம் கொசுவமாகச் சேரும். ஒவ்வொரு மடிப்பின் முகட்டையும் மேல்பகுதியின் ஓரத்தோடு இரண்டு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தரையைக் கூட்டும் பாவாடை வேலைக்காரப் பெண்ணுக்கு ஆகாது, ஃபேர் மைதானத்துப் புழுதிக்கும் ஆகாது.

துணி கம்பளி என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். நார்விச் அந்நியர்கள் நெய்த மாதிரியான மெல்லிய வொர்ஸ்டட் கம்பளி இன்றைக்குக் கோட் தைக்கும் துணியாகக் கடையில் கிடைக்கிறது. லினன் ஸ்மாக்கின் மேல் அதை உடுத்தி நிழலில் நின்றால் பாலியஸ்டரைவிடப் பல மடங்கு குளிர்ச்சி. நெருப்புப் பக்கம் போனாலும் சட்டென்று பற்றாது, தண்ணீர் தெளித்தால் ஊறாது. விலை கட்டுப்படியாகாவிட்டால் 5.3 அவுன்ஸ் லினனில் தையுங்கள், அழகாகவே இருக்கும்.

நிறம். சந்தைக்காரி என்றால் பழுப்பும் சாம்பலும்தான் என்று நினைக்க வேண்டாம். மஞ்சிட்டி வேரில் சிவப்பும் ஆரஞ்சும், வெல்டு செடியில் பளிச்சென்ற மஞ்சள், வோட் இலையில் நீலம், ஒன்றன்மேல் ஒன்று தோய்த்தால் பச்சை, இவை எல்லாம் எளியவர்களுக்கும் எட்டிய சாயங்கள். சிவப்புப் பாவாடை உயில்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சிவப்புக் கம்பளி உடம்புக்கு நல்லது, சூடு காக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆழ்ந்த கருப்புதான் விலை அதிகம், பல தோய்ச்சல் வேண்டும். நீலத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் அவுரியிலிருந்து எடுத்த இண்டிகோ கப்பலில் வந்து இறங்கியபோது வோட் பயிரிட்டவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1577இல் ஜெர்மன் பேரரசின் ஆணை அதைப் பிசாசுச் சாயம் என்று தடை செய்தது. தடையால் ஒன்றும் நடக்கவில்லை, அவுரி ஜெயித்தது. என் கர்ட்டில் மஞ்சிட்டிச் சிவப்பு, ஏப்ரன் நீலம்.

மேலே போடும் சின்னச் சின்னத் துண்டுகளில்தான் ஆள் உருவாகிறாள். கழுத்தையும் மேல்மார்பையும் மூடும் பார்ட்லெட், வெயிலுக்கும் மரியாதைக்கும். தலைமுடியை மூடும் காய்ஃப் என்ற லினன் தொப்பி. தலை திறந்திருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் உடை முழுமையாகாது. மணமான பெண் முடியை மூடாமல் கடைத்தெருவுக்கு வர மாட்டாள். அதற்கு மேலே ஒரு வைக்கோல் தொப்பி, வெயிலுக்கு. ஏப்ரன் ஒரு கெஜம் துணி, மேலே ஒரு நாடா, அவ்வளவுதான். ஊசி குத்திச் சேர்க்கும் தனிக் கைகள், சூடானதும் கழற்றிவிடலாம். உடையோடு தைத்த பாக்கெட் கிடையாது. இடுப்பு வாரில் சுருக்குப் பை தொங்கும், ஏப்ரனுக்கு அடியில் போனும் கார் சாவியும் அதில் போகும். காலுக்கு, முன்பக்கம் உருண்ட, ஹீல் இல்லாத தோல் செருப்பு எது இருந்தாலும் சரி. கண்ணாடி போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. கவுனுக்கு வெளியே இறுக்கிக் கட்டும் கார்செட் மட்டும் வேண்டாம். ஃபேரில் எங்கு பார்த்தாலும் தெரியும், 1574இல் எங்கேயும் தெரியாது.

பார்ட்லெட்டின் காலரும் காய்ஃபின் ஓரமும் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்குக் கஞ்சி போட வேண்டும். இங்கிலாந்துக்குக் கஞ்சி போடும் கலையைக் கொண்டுவந்தவரும் ஒரு ஃபிளமிஷ் அகதிதான். டிங்கன் வான் டென் ப்ளாஸ், 1564இல் கணவரோடு லண்டனுக்கு வந்தார். பணக்காரப் பெண்கள் தங்கள் மகள்களையும் வேலைக்காரிகளையும் அவரிடம் அனுப்பினார்கள். கஞ்சி போடக் கற்றுக்கொடுக்க நான்கைந்து பவுண்டு, கஞ்சி காய்ச்சும் பக்குவத்துக்குத் தனியாக 20 ஷில்லிங். அன்றைக்கு அது பெரும் தொகை. ஃபிலிப் ஸ்டப்ஸ் என்பவர் 1583இல் இந்தக் கஞ்சியைப் பிசாசின் வேலை என்று திட்டித் தீர்த்தார். அவர்கள் கோதுமையில் காய்ச்சினார்கள். நான் சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, அம்மா காட்டன் புடவைக்குப் போடுகிற அதே பதத்தில் தண்ணீர் கலந்து முக்கி, பாதி காய்ந்ததும் இஸ்திரி போடுகிறேன். லினன் அட்டை மாதிரி நிற்கும். ஸ்பிரே ஸ்டார்ச்சில் அது வராது.

ஆண்களுக்கு இதைவிடச் சுலபம். 1545இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கி, 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலின் சேற்றில் மாலுமிகளின் ஜெர்கின் என்ற தோல் மேற்சட்டைகளும் காலணிகளும் நிறையக் கிடைத்தன. சாதாரண மனிதர்கள் உடுத்தியதே அப்படியே கைக்குக் கிடைத்த அபூர்வம் அது. லினன் சட்டை, முழங்கால் வரை வரும் தொளதொள கால்சட்டை, மேலே கையில்லாத ஜெர்கின், கம்பளிக் காலுறை, தலையில் பின்னிய கம்பளித் தொப்பி. தொப்பியை மறக்காதீர்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர்கள் ஞாயிறும் பண்டிகை நாளும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி போட்டே ஆக வேண்டும் என்று 1571இல் ஒரு சட்டமே இருந்தது, தொப்பி பின்னுகிறவர்களின் பிழைப்பைக் காக்க. இடுப்பில் வாள் வேண்டும் என்று பையன்கள் அடம்பிடித்தால் சரி என்று சொல்லுங்கள், நுழைவாயிலில் உறையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், உருவ முடியாது.

அன்றைக்கு உடுத்தும் வரிசை: ஸ்மாக், காலுறை, செருப்பு, பிறகு கர்ட்டில். கர்ட்டிலைக் கட்டியபின் குனிந்து செருப்பு மாட்டுவது கஷ்டம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஒரு கைக்குட்டையை நனைத்துக் காய்ஃபுக்கு அடியில் பின்கழுத்தில் வைத்தால் வெயிலே தெரியாது. எல்லோரும் கையில் பிடித்துக் கடிக்கும் அந்தப் பெரிய வான்கோழிக் காலைத் தயங்காமல் வாங்குங்கள். அமெரிக்கப் பறவைதான் என்றாலும் 1520களிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டது, 1574க்கு ஒரு குற்றமும் இல்லை. கையை ஏப்ரனில் துடைக்கலாம், ஏப்ரன் அதற்குத்தான். தேவதைச் சிறகு, கடற்கொள்ளையர் தொப்பி என்று மனம்போல வந்திருக்கும் கூட்டத்தில் உங்களை யாரும் எடைபோட மாட்டார்கள். ஆனால் உடையைப் பார்த்துக் கண் விரிந்து, "இந்த ஓட்டையெல்லாம் கையால் போட்டதா?" என்று கேட்க ஒருவராவது வருவார். அவரோடு அரை மணி நேரம் போய்விடும், நல்ல அரை மணி நேரம். அங்கே நெசவு, நூற்பு, தோல் வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் தயங்காமல் பேசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளியைத் துவைக்க வேண்டாம். நிழலில், காற்றில் ஒரு நாள் தொங்கவிட்டுப் பிரஷ்ஷால் தட்டினால் புழுதி போய்விடும். லினன் எல்லாம் வாஷிங் மெஷினுக்கு. துவைக்கத் துவைக்க அது இன்னும் மென்மையாகும்.

நான் இப்போது மேலே போடும் முன்திறந்த கவுனைத் தைத்துக்கொண்டிருக்கிறேன், போய்க்லாரின் பெண்கள் போடுவது. இரண்டு முன் ஓரங்களிலும் உள்பக்கமாகச் சின்னப் பித்தளை வளையங்களைத் தைத்து, குறுக்கே நாடா ஓடும்படி. அடர்பச்சைக் கம்பளி, கழுத்தோரத்தில் கருப்புப் பட்டி. பட்டிக்கு வெல்வெட் வைக்கலாமா என்று ஒரு ஆசை இருக்கிறது. சந்தைக்காரிக்கு அது கொஞ்சம் அதிகம், கம்பளியிலேயே வைக்கிறேன்.